இரண்டு பாட்டில் மருந்து

காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் விரல் பட்டால் விரல் வழுக்கும். எண்ணெயின் வழுக்கலும் இல்லை, சோப்பின் வழுக்கலும் இல்லை. தோலே மெல்லக் கரைந்து தண்ணீராகிக்கொண்டிருப்பது போன்ற ஒரு வழுக்கல், எத்தனை தரம் கழுவினாலும் கொஞ்ச நேரத்துக்கு அது போகாது. நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷத்தை நினைத்தால் முதலில் என் விரல்களுக்கு நினைவு வருவது அந்த வழுக்கல்தான். அரசுத் தேர்வும் மதிப்பெண்ணும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

எங்கள் வீடு இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக வேலை பார்த்தார். அச்சகத்திலேயே எழுத்தையும் படத்தையும் பிலிமில் எடுத்து, கழுவி, அதிலிருந்து அச்சுத் தகடு செய்வதற்கென ஓர் இருட்டறை இருந்தது. பிலிமை வெளியூரில் எடுத்து வாங்குவது லாபம் என்று முதலாளி முடிவு செய்தபோது அந்த அறையைக் காலி செய்தார்கள். பிரித்தும் பிரிக்காமலும் இருந்த பிலிம் பெட்டிகள், மருந்துப் பொடி டின்கள், படம் போடுகிற பிரோமைடு காகிதம் கொஞ்சம், கைக்கு அடங்குகிற ஒரு பித்தளைத் தராசு எல்லாம் குப்பைக்குப் போவதற்காக வராந்தாவில் கிடந்தன. எந்தப் பொருளையும் வீசுவதைப் பார்க்க அப்பாவுக்குப் பொறுக்காது. கேட்டு, சாக்கில் கட்டி, ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்ததை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

தெரிந்தவள் என் அக்கா ஜெசி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அந்த வருஷம் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கல்லூரியில் சேராததற்கு மதிப்பெண் போதவில்லை என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். தினமும் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை என்பது வீட்டுக்குள் தெரிந்த காரணம். வேதியியலில் அக்காவுக்கு உண்மையாகவே ருசி இருந்தது. டின்களின் மேல் ஒட்டியிருந்த ஆங்கிலக் குறிப்புகளை அவள் நாலைந்து நாள் வாசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு வீட்டின் பின்பக்கம் சுவரோடு இறக்கிக் கட்டியிருந்த "சாய்ப்பு" அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் போடும் சிவப்பு பல்பை அங்கே மாட்டினாள். அந்த வெளிச்சம் பிலிமைக் கெடுக்காதா என்று தெரிந்துகொள்ள, வெட்டிய பிலிம் துண்டின்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் சிவப்பு வெளிச்சத்தில் காயவிட்டு, பிறகு மருந்தில் போட்டுப் பார்த்தாள். நாணயத்தின் வட்டம் விழவில்லை. அவ்வளவுதான், அறை தயார்.

சாதாரணப் புகைப்படத்துக்கான மருந்து அல்ல அது. அச்சுக்குப் போகிற எழுத்துக்குக் கறுப்பு வேண்டும், வெளுப்பு வேண்டும், நடுவே சாம்பல் நிறம் கூடாது. அந்த நடுநிறத்தைத் துடைத்தெறிவதுதான் அந்த மருந்தின் வேலை. அதை இரண்டு கரைசல்களாகக் கலக்க வேண்டும். முதலில் மழைத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைப்போம்; எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சுவை உண்டு, அது ஆகாது என்பது அக்காவின் தீர்மானம். "ஏ" பாட்டிலுக்கு முதலில் சல்பைட்டைக் கரைத்த பிறகுதான் ஹைட்ரோகுயினோனைப் போட வேண்டும், முறை மாறினால் கரைசல் அப்போதே பழுப்பாகிவிடும். பார்மலின் சேர்ந்த பொடி ஒன்றும் அதில் உண்டு. அதைப் போடும்போது கண்ணும் மூக்கும் எரியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளை மிதக்கும் ஜாடியைத் திறந்த மாதிரி இருக்கும். "பி" பாட்டிலுக்குக் காஸ்டிக் சோடாவும் கொஞ்சம் பிரோமைடும். குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டுமே தவிர, காஸ்டிக்கின்மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக் கூடாது. அப்படித் தூவும்போதே பாத்திரம் சாயா கிளாஸ் போலச் சுடும், அதைக் கிணற்று வாளியில் இறக்கி ஆறவைப்போம். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டு பாட்டிலும் சாதுவாக மாதக்கணக்கில் இருக்கும். சேர்த்துவிட்டால் அதன் ஆயுசு கொஞ்ச நேரம்தான்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் ஏறி, பால் விடாத "கட்டஞ்சாயா" மாதிரி ஆகி, செத்துப்போகும். ஆகவே எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு, கடைசியில்தான் இரண்டையும் கலப்போம்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "ஏட்டி ஜெசி, அந்த வெசத்தக் கொண்டு அடுக்களப் பக்கம் வந்தியா, பொறவு பாத்துக்க" என்பது அவளுடைய முதல் எச்சரிக்கை. மருந்துக்குக் கொடுத்த பேசின்களில் சிவப்பு பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவைத்தாள். அக்காவின் நகங்களும் விரல் நுனிகளும் ஹைட்ரோகுயினோன் கறையில் பழுத்தபோது, "பொண்ணு பாக்க வாறவங்க கையப் பாத்தா என்னண்ணு கேப்பாவ? பீடி சுத்துகாண்ணு நெனைக்கமாட்டாவளா?" என்றாள். அப்பா மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "செய்யட்டும், மருந்து தீருமட்டும்" என்பார். அவர் ஆதரித்தாரா, சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ஆறுதல் சொன்னாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முதலில் நாங்கள் எடுத்தவை வெறும் நிழல்கள். பெரணி இலை, கொசுவலைத் துண்டு, வண்ணத்துப்பூச்சியின் உதிர்ந்த சிறகு. பிலிமின்மேல் வைத்து, வெள்ளை பல்பை ஒரு நொடி போட்டு அணைத்து, மருந்தில் நனைப்போம். ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காது. பேசினை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு எங்கோ ஒரு மூலையில் லேசாக அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். அதற்குப் பின் நடப்பதுதான் அந்த மருந்தின் குணம்: கறுப்பு எங்கே தொடங்கியதோ அங்கே அது தானாகவே வேகம் பிடித்து, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு குபீரென்று ஏறும். அந்த நொடியில் எடுக்காவிட்டால் எல்லாம் கறுத்துப்போகும். அம்மா பின்னிய "ரேந்தை" என்னும் லேஸ் துண்டு ஒன்றை அக்கா ஒருநாள் இப்படிப் படம் பிடித்துக் காகிதத்தில் போட்டாள். கண்ணால் பார்க்கும்போது தெரியாத நூல் பிரிகள்கூட அதில் தெரிந்தன. அடுத்த நாள் அம்மா அதை முன்னறைச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

அந்த ரேந்தைப் படத்தைத்தான் லூர்தம்மாள் பார்த்தாள். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. காலையில் பஸ் இறங்கி, தலையில் கடவம் என்கிற ஓலைக் கூடையோடு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். சாளை, நெத்தோலி, சில நாள் வாளை. கடவத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தவள் திறந்த கதவு வழியாக அந்தப் படத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள் என்று நினைக்கிறேன். லூர்தம்மாள் மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே, "மங்கிப்போன போட்டோவ தெளிய வைக்க பற்றுமா, மக்கா?" என்று அக்காவிடம் கேட்டாள்.

மறுநாள் அதைக் கொண்டுவந்தாள். ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. மீனவர் சங்க அட்டைக்காக எடுத்த சிறிய படம். முகம் இருந்த இடத்தில் பால் சாயா சிந்திக் காய்ந்தது போன்ற ஒரு மஞ்சள் நிறம். தலைமுடி கொஞ்சம் அழுத்தமான மஞ்சள். கன்னத்தில் உப்புக் காற்றின் கறை. அது அவளுடைய கணவர். ஓர் ஆடி மாதத்துக் காற்றில் வள்ளத்தோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. அதனால் கல்லறையும் இல்லை; ஆத்துமாக்கள் திருநாளில் எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது தான் தெருமுனைச் சிலுவைக் கோவிலான குருசடியில் ஏற்றிவிட்டு வருவதாகச் சொன்னாள். அவர் போகும்போது மகள் ஸ்டெல்லா வயிற்றில் இருந்தாள். "பாஸ்கா பெருநாளு கழிஞ்சு எனக்க பிள்ளைக்குக் கல்யாணம். தகப்பன் மொகத்தப் பாத்துக் கும்பிட்டுப் போட்டும்ணு ஒரு ஆச" என்றாள். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் ஸ்டுடியோக்களில் காட்டியிருக்கிறாள். இதில் ஒன்றும் இல்லையம்மா என்றார்கள். ஒருவர் மட்டும் வரைந்து தருகிறேன் என்றாராம். "வரைஞ்சா அது அவருக்க மொகமா இருக்காதுல்லா. வரையியவனுக்க நெனப்பாக்கும் அது" என்று திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அக்கா அதை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குத் தோன்றியது எளிய விஷயம். எங்களிடம் இருந்த பிலிமுக்கு மஞ்சளும் கறுப்பும் ஒன்றுதான். மற்றவர்களுக்கு வெறும் மங்கலாகத் தெரிந்தது இந்த பிலிமுக்கு இருட்டாகத் தெரியும். மருந்து அந்தக் கொஞ்ச வித்தியாசத்தைப் பிடித்துப் பெரிதாக்கும்.

எங்களிடம் கேமரா இல்லை. தேயிலை வருகிற ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் ஒரு பக்கத்தில் துளை போட்டு, அப்பா பிழை திருத்தும்போது வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியை அதில் பொருத்தினோம். கண்ணாடியைக் கேட்டதும் அப்பா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். சின்னத் துவாரம் போட்ட அட்டையை அதன் முன்னால் வைத்தால் உருவம் கூர்மையாகும் என்பதை எண்ணெய்க் காகிதத்தில் விழவைத்துப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். முற்றத்து வெயிலில் படத்தை நிறுத்தி, பெட்டிக்குள் பிலிமை வைத்து, கறுப்புத் துணியை விலக்கி, மூடினோம். சில பிலிம்கள் வெறும் கறுப்பாக வந்தன, சில வெறுமையாக. பிறகு ஒன்றில் எதிர்நிழலாக, வெளுத்த தலைமுடியும் கறுத்த கன்னமுமாக, ஒரு மனிதர் இருந்தார். அக்கா அதை ஜன்னலில் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. நானாகத்தான் போய் எட்டிப் பார்த்தேன்.

அதைக் காகிதத்தோடு சேர்த்து அழுத்தி, ஒளி காட்டி, அதே மருந்தில் போட்டாள். முகம் ஏறியது. ஒன்றுமே இல்லை என்று இரண்டு ஊரில் சொன்ன இடத்திலிருந்து நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் வந்தன.

காலையில் லூர்தம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது அவரு இல்ல, மக்கா."

"அந்தப் போட்டோவுல இருந்து எடுத்ததுதான்" என்றாள் அக்கா.

"இருக்கும் பிள்ளே. ஆனா இது யாரோ. கள்ளன மாதிரி முழிக்கான். அவரு யாரயும் இப்பிடிப் பாக்கமாட்டாரு."

அவள் சொன்னது சரிதான். இப்போது யோசித்தால் தெரிகிறது. கண்கள் இரண்டும் குழியாக, வாய் ஒரு வெட்டாக, கன்னத்துக் கறை தழும்பாக விழுந்திருந்தது. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது. நடுநிறம் எல்லாவற்றையும் துடைத்திருந்தது, அவரும் அதில்தான் இருந்திருக்கிறார். அக்கா படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் சாய்ப்புப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போய், மருந்தில் தண்ணீரைக் கூட்டி விளாவி, வேகத்தைக் குறைத்து, வெவ்வேறு நேரத்துக்குக் காகிதத்தை எடுத்தெடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வேறு ஆள் இருந்தார். ஒருவர் நோயாளி, ஒருவர் கிழவர், ஒருவர் சின்னப் பையன். எது சரி என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. "ஏ" பாட்டிலுக்கான பொடி டின்னின் அடியைத் தொட்டிருந்தது. காகிதமும் கைவிரலில் எண்ணிவிடலாம் போலத்தான் மிச்சம்.

வழி சொன்னது அம்மா. ரேந்தை பின்னிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீ ஏன் கெடந்து முட்டுக? லூர்த உள்ள கூட்டிட்டுப் போ. புருசன் யாருண்ணு அவளுக்கில்லா தெரியும்."

அப்படித்தான் ஒருநாள் மீன் விற்று முடிந்து, வெறுங் கடவத்தைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டு, கை கால் கழுவிவிட்டு, லூர்தம்மாள் எங்கள் சாய்ப்புக்குள் வந்தாள். நண்பகல் நேரம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஜன்னலும் அடைத்து, மூன்று பேரும், பார்மலின் நெடியும், அவள் சேலையில் மீன் வாசமும். சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா இரண்டு பாட்டிலையும் கலந்தாள், தண்ணீர் சேர்த்தாள், ஒளி காட்டிய காகிதத்தை நழுவவிட்டாள். நான் பேசினின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். வெகுநேரம் காகிதம் காகிதமாகவே இருந்தது. நீர்த்த மருந்தில் எல்லாம் தாமதம்.

"ஒண்ணும் இல்லியே பிள்ளே" என்றாள் லூர்தம்மாள்.

"வரும்" என்றாள் அக்கா.

முதலில் தலைமுடி வந்தது. பிறகு புருவம், அதன் கீழே நிழல் போல ஏதோ. லூர்தம்மாள் குனிந்தாள். அவள் மூச்சு தண்ணீர்மேல் படுகிற அளவுக்குக் குனிந்துவிட்டாள். மூக்கின் ஒரு பக்கம், மீசை, கீழுதட்டின் மங்கல். கன்னம் இன்னும் வரவில்லை, காது ஒன்றுதான் வந்திருந்தது.

"எடு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "இன்னும் வரல்ல. பாதி மொகம்தான் வந்திருக்கு."

"எடு பிள்ளே, எடு! இதுக்கு மேல விட்டா போயிருவாரு!"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தெருவில் மீன் கூவுகிற குரல் அல்ல அது. அக்கா இடுக்கியைத் தேடவில்லை. வெறுங்கையாலேயே காகிதத்தை அள்ளி எடுத்து வினிகர் தண்ணீரில் அமிழ்த்தினாள். பிறகு படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில். கதவைத் திறந்தபோது வெளிச்சம் எங்கள் கண்ணைக் குத்தியது.

மங்கலான, செம்பழுப்பு நிறப் படம் அது. சட்டைக் காலர் இல்லை, ஒரு காது இல்லை, ஒரு பக்கத்துக் கன்னம் காகிதத்தின் வெளுப்போடு கலந்திருந்தது. எந்த ஸ்டுடியோக்காரரும் அதைச் சரியான படம் என்று ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். தண்ணீர்ப் பேசினில் கிடந்த அதைத் தொடாமல், பக்கத்தில் குந்தியிருந்து லூர்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"பசிச்சு வந்து நிக்காரு" என்றாள். "கடல்லேருந்து வந்தா இப்பிடித்தான். ஒண்ணும் பேசமாட்டாரு. கஞ்சி குடிச்சாத்தான் வாயத் தொறப்பாரு."

படம் கழுவிக் காயும்வரை அவள் போகவில்லை. வழக்கமாக வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறவளை அம்மா அன்று அடுக்களைக்குள் கூப்பிட்டு, பலகை போட்டு, சாயா கொடுத்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நானும் அக்காவும் கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்கு நாங்கள் நால்வரும் போனோம். கோவிலுக்குப் புறப்படுவதற்குமுன் வீட்டு முன்னறையில், சட்டம் போட்டு மாலையிட்ட படத்தின் முன் ஸ்டெல்லா நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திரும்பி, அக்காவைத் தேடிப் பிடித்து, "எங்கப்பாக்க மத்த காது எங்க போச்சு?" என்று கேட்டாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நிற்காமலே கண் நிறைந்து, படத்தின்முன் முழந்தாளிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடற்கரையிலிருந்து சிலர் பழைய படங்களோடு வந்தார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலர் படத்தில் மருந்துக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே மிச்சமில்லை, அவர்களை முடியாது என்று சொல்லி அக்கா அனுப்பிவைத்தாள். யார் வந்தாலும் சாய்ப்புக்குள் கூட்டிக்கொண்டுபோய், எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்களையே சொல்லவைத்தாள். பொடி தீர்ந்தது. நாகர்கோவிலில் ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையிலிருந்து ஒருமுறை அப்பா ஹைட்ரோகுயினோன் வாங்கி வந்தார், அதுவும் தீர்ந்தது. அடுத்த ஜூனில் அம்மா அக்காவிடம், "காலேஜ்ல போய் ஒழுங்கா படி. பஸ்ஸுல நாலு பிள்ளையளு போவுதுல்லா, நீயும் போ" என்று, ஏதோ தான் முதலிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது போலச் சொன்னாள். அக்கா வேதியியல் படித்தாள். கல்யாணமாகி மஸ்கட் போனாள். அங்கே ஒரு பள்ளியில் பல வருஷமாக அதையே கற்பிக்கிறாள்.

இப்போது சாய்ப்பு இடிந்து, அந்த இடத்தில் கார் நிற்கிறது. அச்சகத்தில் கணினியிலிருந்து நேராகத் தகடு போகிறது, பிலிம் என்று கேட்டால் சினிமாவைப் பற்றிக் கேட்கிறோம் என்று நினைக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் இல்லை. போன வருஷம் லூர்தம்மாளும் போய்விட்டாள். தகவல் தெரிந்து நான் மட்டும் போனேன். முன்னறைச் சுவரில் அவளுடைய கணவரின் படம் பெரிதாக, வண்ணத்தில் இருந்தது. நீலச் சட்டை, ரோஜா நிறக் கன்னம், இரண்டு காது, மெல்லிய சிரிப்பு. ஸ்டெல்லாவின் மகன் கைபேசியில் அந்தப் பழைய படத்தைப் போட்டுத் திருத்தி எடுத்ததாம். நன்றாகத்தான் இருந்தது.

பழைய படம் எங்கே என்று கேட்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போது, சவப்பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்னால், ஸ்டெல்லா அதைச் சட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்தாள். அம்மையின் கைகளுக்கு நடுவே, ஜெபமாலைக்குக் கீழே வைத்தாள். யாரோ, அது எதற்கு என்றார்கள். "அம்மைக்கு இவரத்தான் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா. பெட்டியை மூடினார்கள்.

அன்று மாலை மஸ்கட்டுக்குப் பேசி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹைப்போவைச் சரியாகக் கழுவாத படங்கள் சில வருஷத்தில் மஞ்சள் பாய்ந்துவிடும் என்று அவள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் இப்போதும் கேட்டாள்.

"கிட்ட நிண்ணு பாத்தியா? மஞ்ச ஏறியிருந்துதா?"

"இல்ல. அப்பிடியே இருந்துது" என்றேன்.